35 மி.மீ. கேமராவில் நேர்ப்படத் தாள்: ஒரு துண்டு முழுக் கறுப்பு, மறு துண்டு முழு வெள்ளை

வெள்ளித்துகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நெகட்டிவ் எடுத்து, அதைப் பிறகு படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் வைத்துத் தாளில் அச்சிடும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். கேமராவுக்குள்ளேயே தாளை வைத்துப் படமெடுத்து, படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசலிலிருந்து தூக்கும்போதே ஒளியும் நிழலும் தலைகீழாகாத நேர்ப்படமாகக் கையில் கிடைக்க வேண்டும் என்ற ஆசையில், உறையில் டைரக்ட் பாசிட்டிவ் பேப்பர் என்று அச்சிடப்பட்டிருக்கும் நேர்ப்படத் தாளை அண்மையில் வாங்கினேன். என்னிடம் இருப்பது சாதாரண 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். கேமரா. சிவப்பு விளக்கில் தாளைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஃபிலிம் ஓடும் இடத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பின்கதவை மூடினேன்.

மர நிழலில் அமர்ந்திருந்த நண்பரைத்தான் படமெடுத்தேன். கேமராவின் ஒளிமீட்டர் ஐ.எஸ்.ஓ. 100 என்ற ஒளியுணர்வு வேகத்தில் இருந்தது, அது காட்டியபடி எஃப் 5.6, 1/125 நொடி கொடுத்தேன். டெவலப்பரில் இட்ட அரை நிமிடத்துக்குள் தாள் கரிக்கட்டைபோல் கறுத்துவிட்டது. ஒளி அதிகமாகிவிட்டது போலும் என்று எண்ணி, அடுத்த துண்டுக்கு லென்ஸ் துளையை எஃப் 16க்குக் குறுக்கி எடுத்தேன், அதுவும் கறுப்பு. சலித்துப்போய், மூன்றாவது துண்டுக்கு எஃப் 5.6இல் ‘பி’ அமைப்பில் ஷட்டரை ஏறத்தாழ ஒரு நொடி திறந்து வைத்தேன். இம்முறை தாள் ஏறக்குறைய வெள்ளையாகவே வந்தது. நண்பரின் தலைமுடி இருந்த இடத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் தெரிந்தது.

தாள் பழுதானதா, என் டெவலப்பர் பழுதானதா? கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் படம் என்று ஒன்று இருக்கிறதா? 35 மி.மீ. கேமராவில் இத்தாளைப் பயன்படுத்துவது பொருளுள்ள முயற்சிதானா என்பதையும் சொல்லுங்கள்.

---

இருட்டறைவாசி

தாளும் பழுதில்லை, டெவலப்பரும் பழுதில்லை. தாளைப் படிக்கும் முறைதான் தலைகீழாகிவிட்டது. நெகட்டிவில் பழகிய கண்ணுக்கு இது எப்போதும் நடப்பதுதான். நானும் முதல் நாளில் நான்கு துண்டுகளை இப்படியே வீணாக்கியவன்.

சாதாரண அச்சுத் தாளில் ஒளி பட்ட இடம் கறுக்கும். நேர்ப்படத் தாளில், ஒளியுணரும் வெள்ளி ஹாலைடு மணிகளை ஆலையிலேயே முன்கூட்டிப் புகையேற்றி வைத்திருப்பார்கள். அதாவது, உறையிலிருந்து எடுத்த தாளை ஒளியே படாமல் நேராக டெவலப்பரில் போட்டால் அது முழுக் கறுப்பாகும். கேமராவில் ஒளி படும்போது, பட்ட இடத்தில் மணிகளைக் கறுக்க வைக்கும் அந்தப் புகைக்கருக்கள் அழிகின்றன. அழிந்த மணிகளை டெவலப்பர் தொடுவதில்லை, ஆகவே அவ்விடம் வெள்ளையாக நிற்கிறது. கறுத்த தாள் ஒளி போதவில்லை என்கிறது. வெளுத்த தாள் ஒளி மிஞ்சிவிட்டது என்கிறது. நீங்கள் முதல் துண்டு கறுத்ததைக் கண்டு அபர்ச்சரை இன்னும் மூடினீர்களே, அது தாகத்தில் இருப்பவரிடமிருந்து தண்ணீர்க் குவளையைப் பிடுங்கிய கதை.

இப்போது கணக்குக்கு வருவோம். ஹார்மன் நிறுவனத்தின் நேர்ப்படத் தாளுக்கு ஐ.எஸ்.ஓ. 1 முதல் 3 வரை என்று வைத்துக்கொள்வது வழக்கம். 3 என்றே கொள்வோம். 100இலிருந்து 3க்கு இறங்க ஐந்து ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது). நீங்கள் கொடுத்த 1/125இலிருந்து விரல்விட்டு எண்ணுங்கள்: 1/60, 1/30, 1/15, 1/8, 1/4. ஆக, அதே நிழலில் அதே எஃப் 5.6இல் அத்தாள் கேட்டது கால் நொடி. உங்கள் முதல் துண்டு ஐந்து ஸ்டாப் குறைந்தது; எஃப் 16இல் எடுத்த இரண்டாவது அதற்கும் மூன்று ஸ்டாப் கீழே போனது; ஒரு நொடி கொடுத்த மூன்றாவது இரண்டு ஸ்டாப் மிகுந்தது. நீங்கள் தேடிய படம் முதல் துண்டுக்கும் மூன்றாவது துண்டுக்கும் நடுவில், மூன்றாவதற்குச் சற்று அருகில் இருக்கிறது.

இரண்டே ஸ்டாப் மிகுந்ததற்கு ஏன் இப்படி அடியோடு வெளுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இத்தாள் கான்ட்ராஸ்ட் மிகுந்தது, அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் சாம்பல் படிகள் குறைவு. நெகட்டிவ் ஃபிலிம் பொறுத்துக்கொள்ளும் பிழையை இது பொறுக்காது. அரை ஸ்டாப் வித்தியாசமே முகத்தில் தெரியும். ஆகவே உத்தேசமாக எண்ணி ஷட்டரை மூடுவதைக் கைவிட்டு, கேமராவில் உள்ள மெதுவான வேகங்களையே பயன்படுத்துங்கள். முக்காலியும் கேபிள் ரிலீஸும் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

பெரும்பாலான கேமரா மீட்டர்கள் ஐ.எஸ்.ஓ. 3 வரை இறங்குவதில்லை. மீட்டரை 25இல் வைத்து, அது காட்டும் நேரத்தை எட்டால் பெருக்கினால் போதும். 12 வரை இறங்குமானால் நான்கால் பெருக்குங்கள். ஆனால் மீட்டருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இது ஆர்த்தோ வகைத் தாள். நீலத்தையும் பச்சையையும் பார்க்கும், சிவப்பைப் பார்க்காது. அதனால்தான் சிவப்பு விளக்கில் அதை வெட்ட முடிந்தது. அதே காரணத்தால், இழைவிளக்கின் மஞ்சள் ஒளியில் மீட்டர் தாராளமாக ஊசியைத் தூக்கிக் காட்டினாலும் தாளுக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. அங்கே ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் கூட்டிக் கொடுக்க வேண்டும். வெளியில், நிழலிலும் மேகமூட்டத்திலும் ஒளி நீலம் கலந்திருப்பதால் தாளுக்கு மகிழ்ச்சிதான். உதடு கறுத்து வரும், முகத்தின் செம்புள்ளிகள் எடுப்பாகத் தெரியும், நீல வானம் வெறும் தாளாக நிற்கும். இவற்றை எதிர்பார்த்தே படம் அமையுங்கள்.

---

மரப்பெட்டி

ஒளிக்கணக்கை மேலே உள்ள நண்பர் முடித்துவிட்டார். தாளைக் கேமராவில் வைப்பது பற்றி நான் சிறிது சொல்கிறேன், ஏனெனில் 35 மி.மீ. கேமராவில் தொல்லைகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

முதலில், நீளமான துண்டாக வெட்டிச் சுருட்டி, ஃபிலிம் போலவே லீவரைத் தள்ளி ஓட்டலாம் என்ற எண்ணம் வந்தால் விட்டுவிடுங்கள். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்துக்கு எட்டுத் துளைகள் வீதம் இரு ஓரங்களிலும் உண்டு. பற்சக்கரம் பிடித்து இழுப்பது அவற்றைத்தான். தாளில் துளையில்லை. அதோடு ஃபைபர் தாள் (பிளாஸ்டிக் பூச்சில்லாத தாள்) ஃபிலிமைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு தடிமன். குறுகலாகச் சுருட்டினால் ஒளியுணரும் மேற்பூச்சான எமல்ஷன் வெடிக்கும்.

ஒற்றைத் துண்டு முறையே சரி. அகலம் 35 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவாக இருக்கட்டும். நீளம், படச் சட்டத்தின் 36 மி.மீ.க்கு இருபுறமும் சிறிது மிச்சம் இருக்குமாறு, பற்சக்கரத்தின் மேல் ஏறாத அளவுக்கு. பழைய ஃபிலிம் துண்டு ஒன்றை வெளிச்சத்திலேயே கேமராவில் வைத்துப் பார்த்து, அதே அளவுக்குக் கனமான அட்டையில் ஒரு மாதிரி வெட்டி வைத்துக்கொண்டால், சிவப்பு விளக்கில் அளவுகோலைத் தேட வேண்டாம். பளபளப்பான பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். பின்கதவை மூடும்போது அழுத்தத் தகடு தாளைத் தண்டவாளங்களோடு சேர்த்து அமுக்கும். கதவு முரண்டினால் வலுக்கட்டாயமாக மூடாதீர்கள். ஓரம் ஒன்று தண்டவாளத்தின் மேல் ஏறியிருக்கும்.

சில பழைய கேமராக்களில் ஷட்டரை ஏற்றுவதே ஃபிலிம் நகர்ந்து பற்சக்கரத்தைச் சுழற்றுவதால்தான். அவற்றில் ஒற்றைத் துண்டை வைத்தால் ஷட்டர் ஏறாது. கதவை மூடுவதற்கு முன் கட்டைவிரலால் பற்சக்கரத்தைச் சுழற்றி ஏற்றிவிட்டு, பிறகு தாளை வைக்க வேண்டும். உங்களுடைய எஸ்.எல்.ஆர். அப்படிப்பட்டதாகத் தெரியவில்லை.

தாள் தடிமன் என்பதால் குவியம் தவறுமோ என்று பலர் கேட்பதுண்டு. 35 மி.மீ. கேமராவில் எமல்ஷன் முன்புறத் தண்டவாளத்தில் படிந்து நிற்பதால், தடிமன் முழுவதும் பின்னோக்கித்தான் போகிறது; குவியம் நகராது. பெரிய கேமராவில் ஒற்றை ஃபிலிம் தாளை வைக்கும் ஷீட் ஃபிலிம் ஹோல்டரில் இது நேர்மாறு: அங்கே தாள் பின்தகட்டில் படிவதால் எமல்ஷன் லென்ஸை நோக்கி ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு முன்னேறும். எஃப் 16, எஃப் 22 என்று எடுப்பவர்களுக்கு அதுவும் கண்ணில் படாது.

வாய்ப்புக் கிடைத்தால் 4க்கு 5 அங்குலக் கேமராவுக்கு மாறுங்கள் என்பதே என் உண்மையான பதில். நேர்ப்படத் தாளில் கேமராவின் அளவுதான் படத்தின் அளவு, என்லார்ஜர் இல்லை. தபால்தலையைவிடச் சற்றே பெரிய படத்துக்காக இவ்வளவு பாடு என்பது ஒரு கட்டத்தில் உறுத்தும். மேலும் ஷீட் ஹோல்டரில் ஒரே தாளில் சோதனைப் பட்டை எடுக்க முடியும். தாளை மூடியிருக்கும் டார்க் ஸ்லைடை முழுதும் இழுத்து ஒரு நொடி கொடுங்கள். கால் பங்கு உள்ளே தள்ளி மீண்டும் ஒரு நொடி. இன்னும் கால் பங்கு தள்ளி இரண்டு நொடி. கடைசிக் கால் பங்குக்கு நான்கு நொடி. ஒரே தாளில் 1, 2, 4, 8 நொடிகள் பட்டை பட்டையாக நிற்கும்.

---

எதிர்படம்

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். கேமராவில் தாளை வைப்பதுதான் விருப்பம் என்றால் சாதாரண அச்சுத் தாளை வைத்துத் தாள் நெகட்டிவ் எடுப்பதே அறிவுடைமை. அதன் வேகம் நேர்ப்படத் தாளைவிடச் சற்றுக் கூடுதல். பலரும் 6 என்று வைத்துக்கொள்கிறார்கள். ஃபில்டரால் கான்ட்ராஸ்ட் மாறும் மல்டிகிரேடு தாளாக இருந்தால் லென்ஸின் முன் மஞ்சள் ஃபில்டர் போட்டுக் கான்ட்ராஸ்ட்டைக் குறைக்கலாம். நேர்ப்படத் தாளில் ஃபில்டரால் ஒளியைத்தான் இழப்பீர்களே தவிர, தாளின் கிரேடு (கான்ட்ராஸ்ட் அளவு) மாறாது. கிடைத்த தாள் நெகட்டிவை இன்னொரு தாளோடு முகத்தோடு முகம் வைத்துக் கான்டாக்ட் அச்சு எடுத்தால் இடவலம் சரியான படம் கிடைக்கும், வேண்டிய பிரதிகளும் கிடைக்கும். நேர்ப்படத் தாளில் இருப்பது ஒரே ஒரு பிரதி, அதுவும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியது. பின்னணியில் பெயர்ப்பலகை இருந்தால் எழுத்துகள் திரும்பியே நிற்கும்.

சாதாரண அச்சுத் தாளையே ரிவர்சல் முறையில் நேர்ப்படமாக்குவோரும் உண்டு: முதல் டெவலப்பர், பிறகு உருவான வெள்ளியைக் கரைக்கும் பிளீச், பிறகு மீண்டும் ஒளி காட்டி இரண்டாவது டெவலப்பர். பழைய செய்முறைகளில் பிளீச்சுக்குப் பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் வரும். டைகுரோமேட் புற்றுநோய் தரவல்லது. வீட்டுக் குளியலறையில் அதைக் கையாளாதீர்கள்.

---

இருட்டறைவாசி

எதிர்படம் அவர்கள் சொல்வதில் பிழை ஒன்றுமில்லை. கேள்வி கேட்டவரின் ஆசை வேறு என்பதுதான் என் தயக்கம். அவர் கேட்பது நண்பரின் முகத்திலிருந்து புறப்பட்ட ஒளி நேரே பட்ட அந்த ஒரே தாளை. ஒரே பிரதி என்பது அங்கே குறையாகாது. இந்த ஆசைக்கு ஒளிப்படக்கலையின் வயதுதான். 1839ஆம் ஆண்டிலேயே இப்போலித் பயார் என்ற பிரெஞ்சுக்காரர், வெள்ளிக் குளோரைடு தாளை முதலில் வெயிலில் கறுக்க வைத்து, பொட்டாசியம் அயோடைடில் நனைத்துக் கேமராவில் வைத்தார்; ஒளி பட்ட இடம் வெளுத்து நேர்ப்படமானது. அவ்வாண்டு ஜூனில் பாரிசில் 30 படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கும் வைத்தார். வேதியியல் வேறு, ஆனால் கறுத்த தாளை ஒளியால் வெளுக்கச் செய்வது என்ற யோசனை இன்றைய தாளுக்கும் அதுதான்.

இடவலம் மாறுவதற்கு வழி இருக்கிறது. லென்ஸின் முன் 45 பாகையில் ஒரு கண்ணாடியோ பட்டகமோ வைத்தால் படம் மீண்டும் நேராகும். முன்பக்கமே பூச்சுள்ள கண்ணாடியாக இருக்க வேண்டும். வீட்டுக் கண்ணாடியில் இரட்டை விளிம்பு விழும். ஆளின் முகம் மட்டும் என்றால் இந்தச் சிரமம் தேவையில்லை. படத்தில் இருப்பவருக்கு அதுதான் தினமும் கண்ணாடியில் பார்த்த முகம். பெரும்பாலும் அவர் விரும்புவார், அவருடைய வீட்டார்தான் ஏதோ சரியில்லை என்பார்கள்.

கான்ட்ராஸ்ட்டைக் குறைக்க ஃபில்டர் பயன்படாது என்று எதிர்படம் சொன்னார் அல்லவா, முன்னொளி பயன்படும். படமெடுப்பதற்கு முன்பே தாள் முழுவதற்கும் மிக மெல்லிய ஒளியைச் சமமாகக் காட்டிவிடுவதுதான் அது. நிழல் பகுதிகளிலிருந்து வரும் ஒளி தானாகப் புகைக்கருக்களை அழிக்கப் போதாது. முன்னொளி அந்த வாசற்படி வரை கொண்டுவந்து விட்டால், சிறிதளவு ஒளியும் அங்கே தடயம் விடும். முகம் வெளுக்கும் வரை காத்திராமல், தாடையின் கீழும் கண்குழியிலும் விவரம் எழும்.

அளவைக் கண்டுபிடிப்பது எளிது. என்லார்ஜரில் நெகட்டிவ் எதுவும் இல்லாமல், தலைப்பகுதியை உயர்த்தி, லென்ஸை எஃப் 16இல் வைத்து, ஒரு துண்டுக்கு ஒரு நொடி, இரண்டு, மூன்று என்று படிப்படியாகக் கொடுத்து டெவலப் செய்யுங்கள். கறுப்பிலிருந்து முதன்முதலாக மாறித் தெரியும் படியைக் கண்டு, அதற்கு ஒரு படி முன்னால் நில்லுங்கள். என் என்லார்ஜரில் நான்காவது நொடியில்தான் கறுப்பு மெல்லத் தளர்கிறது. ஆகவே நான் மூன்று நொடி கொடுக்கிறேன். உங்கள் விளக்குக்கு உங்கள் எண் வேறாக வரும்.

ஃப்ளாஷ் பயன்படுத்த எண்ணினால் அதுவும் இத்தாளுக்கு ஒத்துவரும், அதன் ஒளி நீலம் கலந்தது என்பதால். ஆனால் ஐ.எஸ்.ஓ. 100க்கு வழிகாட்டி எண் (தூரத்தையும் எஃப் எண்ணையும் பெருக்கினால் வருவது) 40 மீட்டர் உள்ள ஃப்ளாஷ், ஐ.எஸ்.ஓ. 3க்கு வெறும் 7 ஆகிவிடும். ஆள் இரண்டு மீட்டரில் அமர்ந்தால் எஃப் 3.5. லென்ஸை இன்னும் அகலமாகத் திறக்காமல் அதற்கு மேல் தள்ளி உட்கார வைக்க முடியாது.

---

வெள்ளித்துகள்

அனைவருக்கும் நன்றி. மரப்பெட்டி அவர்கள் சொன்ன அட்டை மாதிரியை வெட்டி வைத்துக்கொண்டு, என்லார்ஜரில் முன்னொளியை அளந்து (எனக்கு இரண்டு நொடி), அதே மர நிழலில், அதே நண்பரை அமர்த்தி, எஃப் 5.6இல் கால் நொடி கொடுத்தேன். டெவலப்பரில் தாள் கறுக்கத் தொடங்கியபோது மீண்டும் தோற்றேன் என்றே நினைத்தேன். ஆனால் அந்தக் கறுமை சட்டையோடு நின்றுவிட்டது, முகம் வெள்ளையிலேயே தங்கி மெல்ல மெல்ல நிழல் ஏறியது. நெகட்டிவ் பார்த்துப் பழகிய எனக்கு, ஈரத்தாளில் நண்பர் நேராக என்னைப் பார்த்தது சற்றுத் திடுக்கிட வைத்தது. சட்டைப் பொத்தான்கள்தாம் தவறான பக்கத்தில் இருக்கின்றன. ஒரு மணி நேரம் ஓடும் நீரில் கழுவி, இரண்டு மையொற்றுத் தாள்களுக்கிடையே வைத்து உலர்த்தினேன்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. படத்தின் ஒரு மூலையிலிருந்து கன்னம் வரை வெண்மையான கீற்று ஒன்று ஓடுகிறது. நெற்றியில் ஊசிமுனை அளவில் ஐந்தாறு கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. இவை படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸர் கரைசல் தெறித்ததால் வந்தவையா?

---

மரப்பெட்டி

வெண்கீற்று கேமராவின் ஒளிக்கசிவு. ஃபிலிமில் எடுத்து அச்சிட்ட படத்திலும் அது வெள்ளையாகத்தான் தெரியும் என்பதால் இது உங்களுக்கு அறிமுகமானதே. கீல் பக்கத்து நுரைப்பட்டை பொடிந்திருக்கிறதா என்று பாருங்கள். வேகமான ஃபிலிமைக் காட்டிலும் இத்தாளுக்குக் கசிவின் பாதிப்பு குறைவு. அப்படியிருந்தும் தெரிகிறதென்றால் கசிவு சிறிதாக இருக்காது.

புள்ளிகள் தூசி. தாளை வெட்டும்போது எழுந்த துகள் எமல்ஷனில் உட்கார்ந்து ஒளியை மறைத்திருக்கிறது; நெகட்டிவிலிருந்து அச்சிடும்போது வெள்ளைப் புள்ளியாக வருவது இங்கே கறுப்பாக வருகிறது. வெட்டிய விளிம்பை மென்தூரிகையால் துடைத்துவிட்டு, கேமராவின் உட்புறத்திலும் ஒருமுறை காற்றை ஊதுங்கள். இப்போது இருப்பவற்றை மையால் மறைக்க முடியாது; நன்றாக உலர்ந்த பிறகு, புதிய கத்திமுனையை ஏறத்தாழப் படுக்க வைத்து, எமல்ஷனின் மேல்பரப்பை மட்டும் மெல்லச் சுரண்டுங்கள். முதலில் அந்த வெளுத்த மூன்றாவது துண்டில், முடி இருந்த சாம்பல் பகுதியில் பழகிப் பாருங்கள்.